கனவை விடுங்கள், தராசை வரையுங்கள்

கேள்வி: பத்திரிகைகளுக்கும் பாடநூல்களுக்கும் படம் வரைபவள் நான். ஆட்டிச நிலையில் உள்ள இளையோருக்கான பயிற்சி மையம் ஒன்று, ஏப்ரல் 2 விழிப்புணர்வு நாளுக்காக 12 போஸ்டர்கள் கேட்டிருக்கிறது. 16 முதல் 24 வயது வரை 12 பேர். ஆளுக்கொரு லட்சியம், ஆளுக்கொரு படம். ஆசிரியர்கள் பட்டியலும் தந்துவிட்டார்கள். ஒருவர் ரயில் ஓட்ட வேண்டும், ஒரு பெண் பேக்கரி வைக்க வேண்டும், ஒருவர் விமானி ஆக வேண்டும், பேச்சு இல்லாத ஒருவருக்குச் 'சமூக சேவை செய்ய விருப்பம்'. இதை வைத்தே வரையத் தொடங்கலாமா? பேசாதவரிடம் எப்படிக் கேட்பது? நடக்க வாய்ப்பே இல்லாத ஆசையை வரைவது ஏமாற்று வேலை ஆகாதா? நிறம், சின்னம் விஷயத்தில் எதைத் தவிர்க்க வேண்டும்? கையில் 10 வாரம் இருக்கிறது.

பதில்:

பட்டியலை வைத்துத் தொடங்க வேண்டாம். ஆசிரியர்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் 'சமூக சேவை செய்ய விருப்பம்' என்பது ஆண்டு விழா மேடையில் வாசிக்கிற வாக்கியம். ஓர் இளைஞர் தன் வாழ்க்கையைப் பற்றி நினைக்கிற விதத்தில் அது இல்லை. பட்டியலை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரையப்போவது பட்டியலில் உள்ள பதவிப் பெயர்களை அல்ல. அந்த வேலையில் அவருக்கு எது பிடித்திருக்கிறதோ, அந்தக் குறிப்பிட்ட ஒரு துண்டை. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த 10 வாரத்தில் பாதி வேலை.

'பெரியவனானால் என்ன ஆகப்போகிறாய்?' என்ற கேள்வியை மறந்துவிடுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதற்கு ஒரு தயார் விடை உண்டு. ஆட்டிச நிலையாளர்களில் பலருக்கு அந்த விடையைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'டாக்டர்' என்று சட்டென்று பதில் வந்தால் அது ஆசையா மனப்பாடமா என்று உங்களால் பிரிக்க முடியாது. தவிர, 'எதிர்காலம்', 'லட்சியம்' போன்ற சொற்களுக்கு உருவம் இல்லை. உருவம் இல்லாததைக் கேட்டால் சிலர் மௌனமாகிவிடுவார்கள், சிலர் உங்கள் கேள்வியின் கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். 'ரயிலா பேக்கரியா?' என்றால் 'பேக்கரி'. மறுநாள் 'பேக்கரியா ரயிலா?' என்றால் 'ரயில்'. இரண்டு முறையும் அவர் விடை சொல்லவில்லை, எதிரொலித்திருக்கிறார். அதனால் முக்கியமான கேள்வி எதையும் வரிசையை மாற்றி இன்னொரு நாள் கேட்காமல் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

இதற்குப் பதில் அட்டைகள் தயார் செய்யுங்கள். 10×15 சென்டிமீட்டர் அளவில் 40 புகைப்படங்கள் போதும். கோட்டுச் சின்னங்கள் வேண்டாம். புகைப்படமே எடுங்கள், ஏனென்றால் கோட்டுச் சின்னத்தை எல்லோரும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. பாதிக்கு மேல் ஆளில்லாத படங்களாக இருக்கட்டும்: கருவிகள், இடங்கள், உடைகள், பொருள்கள். ஸ்டெதாஸ்கோப், மைக், தராசு, சாவிக்கொத்து, லிஃப்ட், அடுக்கிய டவல்கள், கீபோர்டு, மண்வெட்டி, சீருடை பட்டன், மூடிய அறை, திறந்த வெளி, கூட்டம், தனி மேசை, விடியற்காலை, இரவு. மூன்று தட்டுகள்: வேண்டும், வேண்டாம், தெரியாது. மூன்றாவது தட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் தெரியாத அட்டையெல்லாம் 'வேண்டும்' தட்டில்தான் விழும், உங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காக.

கேள்வி கேட்டுவிட்டுக் குறைந்தது 10 விநாடி வாயைத் திறக்காமல் இருங்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். பொறுமை இழந்து கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டால், அவருக்கு அது இரண்டாவது புதிய கேள்வி. முதலில் இருந்து தொடங்க வேண்டும். திரும்பக் கேட்பதென்றால் அதே சொற்களில் கேளுங்கள். கேள்விகளை முந்தைய நாளே எழுதியோ படமாகவோ அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. முதல் சந்திப்பில் எதையும் கேட்காமல், அதே அறையில் ஓரமாக உட்கார்ந்து 20 நிமிடம் வரைந்துகொண்டிருங்கள். இரண்டாவது சந்திப்பில் அட்டைகள், அரை மணிக்கு மேல் வேண்டாம்.

அட்டை எப்படி வேலை செய்யும் என்பதற்கு உங்கள் பட்டியலில் இருந்தே பார்க்கலாம். ரயில் ஓட்ட வேண்டும் என்கிறவர், என்ஜின் அறை படத்தை 'வேண்டாம்' தட்டில் போட்டு, மைக்கையும் நேர அட்டவணையையும் 'வேண்டும்' தட்டில் போட்டால்? அவருக்கு ஓட்டுவதில் ஆசையில்லை. அறிவிப்புச் செய்வதில் ஆசை. வண்டி எண், நடைமேடை எண், புறப்படும் நேரம் எல்லாவற்றையும் ஏற்ற இறக்கம் பிசகாமல் ஒப்பிக்கிறவராகக்கூட இருக்கலாம். வீட்டில் அதை 'ஒரே பல்லவி' என்று அலுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வரைய வேண்டியது அந்த அறிவிப்பு அறையை. என்ஜினே பிடித்திருக்கிறது என்றால் எந்த என்ஜின் என்று கேளுங்கள். டீசல் என்ஜினின் கூரையில் மின்கம்பியைத் தொடும் பேன்டோகிராஃப் கைகளை வரைந்து கொண்டுபோனால், மற்றவர்கள் 'அழகு' என்பார்கள். அவர் அந்தப் படத்தைத் தன்னுடையதாக ஏற்கவே மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. சிவப்பு சிக்னலைத் தாண்டி வண்டி ஓடுவதாக வரைந்தாலும் இதே கதிதான்.

பேக்கரிப் பெண்ணுக்கும் அப்படித்தான். பெயர்ப்பலகை போட்ட கடை, கவுன்ட்டர், சிரித்த முகத்தோடு கேக் நீட்டும் கை என்று நம் கை பழக்கத்தில் வரைந்துவிடும். ஆனால் கவுன்ட்டர் என்றால் வாடிக்கையாளர், பேச்சு, சில்லறை, சத்தம். அவருக்குப் பிடித்தது எடை போடுவதாக இருக்கலாம். அப்படியென்றால் படத்தின் நடுவில் தராசு வரட்டும். பாத்திரத்தை வைத்துப் பூஜ்ஜியம் அழுத்தியபின் மாவு போட்டு 250 என்று திரையில் தெரிகிற நிமிடம். கரண்டியின் விளிம்பைத் தட்டி மாவை மட்டம் செய்யும் விரல்கள். பின்னால் தட்டில் மூன்றுக்கு நான்காக 12 பன்கள், ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. கவனம்: திரையில் 250 என்று எழுதிவிட்டுப் பாத்திரத்தில் ஒரு கிலோ மாவைக் குவித்துவிடாதீர்கள். மற்றவர்கள் கண்ணில் படாமல் போகலாம், எடை போடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அந்தத் துல்லியத்தைப் படமும் காட்டினால், 'இவருக்கு வேலை கொடுத்தால் என்ன செய்வார்?' என்ற முதலாளியின் கேள்விக்கு போஸ்டரே பதில் சொல்லிவிடும். தலைக்கு மேல் கனவுக் குமிழி போட்டு அதற்குள் பேக்கரி வரைந்தால் அது என்றைக்கோ நடக்கப்போகிற, அல்லது நடக்கப்போகாத, ஒன்றாகிவிடும். இந்தத் தொடரில் ஒரு குமிழிகூட வேண்டாம் என்பது என் கருத்து. மேகம், ஏணி, நட்சத்திரத்தை எட்டும் கை ஆகியவற்றுக்கும் இதே தீர்ப்பு.

இனி, பேச்சு இல்லாதவர். பேச்சு இல்லை என்றால் மொழி இல்லை என்று பொருளல்ல. முதலில் அவர் எதை வைத்துத் தொடர்புகொள்கிறார் என்று கேளுங்கள்: படப் பலகையா, பேசும் டேப்லெட்டா, எழுதுவாரா, கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாரா? அதே வழியில் நீங்களும் போங்கள். டேப்லெட்டில் உங்கள் கேள்விக்கான சொற்கள் இல்லை என்றால், சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே அவற்றைச் சேர்த்துப் பழகவிடச் சொல்லுங்கள். அட்டைப் பிரித்தலும் பெரும்பாலும் நடக்கும். அதுவும் முடியாதபோது கவனித்துப் பாருங்கள். இரண்டு மூன்று அமர்வுகளில் யாரும் சொல்லாமல் அவர் எதன் பக்கம் போகிறார், எதைக் கையில் எடுக்கிறார், எத்தனை நிமிடம் அதோடு இருக்கிறார், எதை விட்டு விலகுகிறார் என்று நேரத்தோடு குறித்துவையுங்கள். மூன்று நாளும் பூவாளியை எடுத்துச் செடிக்கு நீர் ஊற்றினார் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வரையுங்கள், தலைப்பிலும் அதையே எழுதுங்கள்: 'செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பிடிக்கும். தினமும் ஊற்ற வேண்டும்.' அதை 'நாளைய தோட்டக்கலை வல்லுநர்' என்று உயர்த்துவது, ஆசிரியர் 'சமூக சேவை' என்று எழுதிய அதே தவறு. ஒருவேளை அவருக்குச் செடி மேல் ஒரு நாட்டமும் இல்லாமல், நீர் விழுகிற சத்தம்தான் பிடித்திருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒருவர் இவருடைய கையையோ மணிக்கட்டையோ முழங்கையையோ பிடித்துக்கொண்டு, எழுத்துப் பலகையில் எழுத்தெழுத்தாகத் தொடவைத்து நீண்ட கவிதை போன்ற லட்சிய வாக்கியத்தைப் பெற்றுத்தந்தால், அதை மேற்கோளாகப் போடாதீர்கள். பிடித்திருப்பவருக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுச் சோதித்தபோதெல்லாம், வந்தது பிடித்திருப்பவரின் சொற்கள்தான் என்று தெரியவந்திருக்கிறது. பிடிப்பவர் வேண்டுமென்று செய்வதில்லை, தன்னை அறியாமல் நடத்துகிறார். யாரும் தொடாமல், பலகையை யாரும் கையில் தூக்கிப் பிடிக்காமல், தானே சுட்டும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் சரி.

நடக்க வாய்ப்பில்லாத ஆசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விமானி ஆக வேண்டும் என்பவருக்கு வலிப்பு இருக்கிறது, மருத்துவத் தகுதிச் சோதனையில் தேறமாட்டார் என்று வைத்துக்கொள்வோம். யாருடைய ஆசையை உள்ளே விடலாம் என்று பார்க்கிற வாயிற்காவலர் வேலை உங்களுடையது அல்ல. 'தரையில் செய்கிற வேலையே உனக்குச் சரி' என்று நீங்களாக மாற்றி வரைவது, விமானத்தை மேகத்துக்குள் பறக்கவிட்டுப் பசப்புவதைவிட மோசம். இங்கேயும் அட்டைகள்தான் வழிகாட்டும். விமானம் பிடிக்குமா, சீருடையா, பட்டியலை வரிவரியாகச் சரிபார்ப்பதா, ரேடியோவில் பேசுகிற முறையா? சரிபார்ப்புப் பட்டியல்தான் என்றால், அதைக் கையில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் போடும் இளைஞரை வரையலாம். அது விமானி வேலையில் உண்மையான ஒரு பகுதி. இன்றைக்கே அவரால் செய்யக்கூடியதும்கூட. 'இல்லை, ஓட்டத்தான் வேண்டும்' என்றால் விமானி இருக்கையிலேயே வரையுங்கள். மற்ற எந்த இளைஞரின் ஆசைக்கும் நாம் தகுதிச் சான்றிதழ் கேட்டுவிட்டு வரைவதில்லையே.

கார்ட்டூன் பாத்திரமாக ஆக வேண்டும் என்று ஒருவராவது சொல்வார், தயாராக இருங்கள். அந்தப் பாத்திரத்தை வரைந்து ஊரெங்கும் ஒட்ட உங்களுக்கு உரிமை கிடையாது, காப்புரிமைச் சிக்கல் வரும். பாத்திரத்தில் எது என்று கேட்டு (வேகமா, குரலா, அந்த மஞ்சள் நிறமா) அதை மட்டும் எடுத்து வரையலாம். அப்படி வரையப்போவதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முகம் தெரியாத மஞ்சள் சட்டைக்காரரைப் பார்த்து ஏமாந்துபோவார். ஆசை என்று எதுவுமே சொல்லாதவர்களும் உண்டு. தனி அறை, அதற்குத் தன் கையில் சாவி, ஒரு பூனை, அம்மா துணையில்லாமல் ஒரு பேருந்துப் பயணம்: இவையும் லட்சியங்களே. 12 படங்களில் குறைந்தது மூன்று நான்கு, வேலையைப் பற்றியதாக இல்லாமல் இருந்தால் தொடருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். 1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் 11 குழந்தைகளில் முதலாவதாக விவரிக்கப்பட்ட டொனால்ட் ட்ரிப்லெட், பிற்காலத்தில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். ஆட்டிசம் என்று முதலில் பெயரிடப்பட்டவர்களில் ஒருவரின் வாழ்க்கை அது. போஸ்டர்காரர்கள் இவரை அதிகம் சீண்டுவதில்லை, கண்டுபிடிப்பு எதுவும் செய்யவில்லையே. நகரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நினைவிலிருந்தே வரையும் ஸ்டீஃபன் வில்ட்ஷயர் போன்றவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். அவர் பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் அத்தகைய அபாரத் திறன் ஆட்டிச நிலையாளர்களில் சிறுபான்மையினருக்கே உண்டு. மேதையை முன்மாதிரியாக வைத்தால், தராசில் மாவு போடுகிறவர் தோற்றுப்போனவராகத் தெரிவார்.

உருவம் வரைவதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்களைச் சொல்கிறேன். முதலாவது தலை அளவு. அழகுக்காகத் தலையைப் பெரிதாக்கி ஐந்து தலை உயரத்தில் உடலை முடித்துவிட்டால் 20 வயதுக்காரர் எட்டு வயதுப் பையனாகிவிடுவார். ஏழு, ஏழரைத் தலை வைத்து வரையுங்கள். தாடி, மீசை, பரு, மூக்குக்கண்ணாடி இருந்தால் அவையும் வேண்டும். இரண்டாவது கண்மட்டம். மேலிருந்து கீழே பார்க்கும் கோணத்தில் யாரும் பாவமாகத்தான் தெரிவார்கள். தொடுவானக் கோட்டை அவர் கண் உயரத்தில் வையுங்கள். மூன்றாவது முகம். வேலையில் மூழ்கியவர் கேமராவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பார்வை தராசின் மீது இருக்கட்டும், வாய் லேசாகத் திறந்திருந்தாலும் பரவாயில்லை. கண்ணோடு கண் பார்க்கவைத்து 'நம்பிக்கை' காட்ட முயன்றால், பலருக்குச் சிரமமான ஒன்றையே தகுதியாகக் காட்டியதாகிவிடும்.

காதுக்கவசத்தை அதிகம் பேர் தப்பாகவே வரைகிறார்கள். பாட்டு கேட்கும் ஹெட்ஃபோன் போல வயரோடு வரைந்தால் பாட்டு கேட்பவர், வாய்க்கு முன் மைக் வந்தால் கால் சென்டர். சத்தம் தடுக்கும் கவசத்தில் கிண்ணம் காது முழுவதையும் மூடி மண்டையோடு ஒட்டியிருக்கும், பட்டை உச்சந்தலையில் ஏறிப்போகும், வயர் இருக்காது. கைகளை உதறுவது, விரல்களை அசைப்பது போன்றவற்றை அவர் சம்மதித்தால் காட்டலாம், காட்டுவது நல்லதும்கூட. ஆனால் கையைச் சுற்றி வேகக்கோடுகள் போட்டால் பதற்றமாகவோ பறவையாகவோ தெரியும். மணிக்கட்டு மடங்கித் தோள் உயரத்தில் நிற்கிற ஒரு கணத்தை மட்டும் வரைந்து, முகத்தில் அவருடைய அந்த நேரத்து உணர்வைக் காட்டுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாக இருக்கும். பேசும் டேப்லெட் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், உதவியாளர் கையில் அல்ல. உதவியாளரை வரைவதில் தப்பில்லை. அவர் பக்கவாட்டில், அரையடி பின்னால், தன் கையைத் தன்னோடு வைத்துக்கொண்டு நிற்கட்டும். தோளில் கை போட்டவுடன் படத்தின் நாயகர் மாறிவிடுகிறார்.

12 பேரில் பெண்கள் எத்தனை என்று பாருங்கள். ஆட்டிசம் என்றாலே பையன் என்ற எண்ணத்தாலும் பெண்கள் பலர் கண்டறியப்படாமலே வளர்ந்தார்கள்.

சின்னங்கள். ஆட்டிசத்துக்கு அடையாளமாகப் பலர் போடும் புதிர்த்துண்டு 1963-இல் பிரிட்டனில் பெற்றோர் அமைப்பு ஒன்றின் சின்னமாக வந்தது. முதல் வடிவில் துண்டுக்குள் ஓர் அழும் குழந்தையும் இருந்தது. 'விளங்காதவர், ஏதோ ஒன்று குறைந்தவர்' என்று சொல்வதாக இருக்கிறது என ஆட்டிச நிலையாளர்கள் பலர் அதை வெறுக்கிறார்கள். நீல நிறமும் அவர்களில் பலர் ஏற்காத ஒரு பிரசாரத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வானவில் நிற முடிவிலிச் சின்னத்துக்கு (∞) எதிர்ப்புக் குறைவு. ஆனால் தராசு இருக்கும்போது சின்னம் எதற்கு? கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் முகம், ஜன்னலோரத் தனிமை, கூண்டு திறந்து பறக்கும் பறவை எல்லாம் ஆயத்தப் படங்கள் விற்கும் இணையதளங்களில் தேடினால் வருபவை. அங்கேயே இருக்கட்டும்.

சொற்களில் நான் பார்க்கிற முதல் பிழை ஓர் 'உம்'. 'ஆட்டிசம் இருந்தும் பேக்கரி நடத்த விரும்புகிறார்.' அந்த ஒரு விகுதி, ஆட்டிசத்தைத் தடையாகவும் ஆசையை அதிசயமாகவும் மாற்றிவிடுகிறது. எடுத்துவிட்டால் வாக்கியம் நேராகிவிடும். 'பாதிக்கப்பட்ட', 'ஆட்டிசத்தை வென்ற', 'தெய்வக் குழந்தை' எல்லாம் வேண்டாம். 22 வயதுக்காரரைக் 'குழந்தை' என்பதும், தொடர் முழுக்க 'அவன்', 'அவள்' என்பதும் வேண்டாம். 'ஆட்டிச நிலையாளர்' என்பதா, 'ஆட்டிசம் உள்ளவர்' என்பதா என்பது அவரவர் விருப்பம்; கேட்டு எழுதுங்கள். மேற்கோளைத் திருத்தாதீர்கள். சிலர் தன்னைப் பற்றியே 'நீ ரயில் அறிவிப்பு சொல்லணும்' என்று முன்னிலையில் சொல்வார்கள். அதை 'நான் சொல்லணும்' என்று சரிசெய்யும் உரிமை எடிட்டருக்கு இல்லை. இரண்டையும் எழுதிக் காட்டி, எது போடலாம் என்று அவரையே தொடச் சொல்லுங்கள்.

ஆசைக்குக் கீழே இன்னொரு வரியும் வரட்டும்: அந்த வேலை நடக்க அவருக்கு என்ன வேண்டும். 'வேலையை எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும்.' 'மிக்ஸர் ஓடாத ஓர் அறை.' 'நேர மாற்றம் என்றால் முந்தைய நாள் சொல்லுங்கள்.' பார்த்துவிட்டுப் போகிற முதலாளிக்குச் செய்ய ஒரு காரியம் கிடைக்கும். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, பணியிடத்தில் இத்தகைய நியாயமான வசதிகள் செய்யப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது. இந்த வரி இல்லாத போஸ்டர் பார்ப்பவரை நெகிழவைக்கும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது.

அனுமதி ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் அல்ல. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், அவருடைய சம்மதமும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. ஒரு பக்கத்தில், படத்தோடு, நான்கு தனிக் கேள்விகளாகக் கேளுங்கள்: என்னை வரையலாமா? முகம் என் முகம் போலவே இருக்கலாமா? பெயர் போடலாமா? சுவரில் மட்டுமா, இணையத்திலும் போடலாமா? நான்குக்கும் வேறு வேறு விடை வரலாம். பெயரும் முகமும் மருத்துவ நிலையும் ஒரே படத்தில் சேர்ந்தால், பத்து ஆண்டு கழித்து அவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தேடலில் வந்து நிற்கும் என்பதைக் குடும்பத்திடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விலகிக்கொள்ளக் கடைசி நாள் எது என்று தேதியோடு எழுதுங்கள். அதற்குப் பின் இணையப் பிரதியை எடுக்கலாம், அச்சடித்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதையும். பேசாதவர் தாளைத் தள்ளினால், கவிழ்த்தால், எழுந்து போனால் அன்றைக்கு அது 'இல்லை'தான். இன்னொரு நாள் ஒருமுறை கேட்கலாம். மூன்றாவது முறை கேட்பது வற்புறுத்தல்.

படம் காட்டும்போது முடித்த வண்ணப்படத்தைக் காட்டாதீர்கள், பென்சில் வரைவைக் காட்டுங்கள். பளபளவென்று முடிந்ததை மாற்றச் சொல்லப் பலருக்கும் தயக்கம். ஆளுக்கு 5×7 சென்டிமீட்டரில் நான்கு சிறு வரைவுகள் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அதைப் பெரிதாக்குங்கள். 'நல்லா இருக்கா?' என்றால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்து, இருக்க வேண்டியதில் பச்சை, மாற்ற வேண்டியதில் சிவப்பு ஒட்டச் சொல்லுங்கள். 'இதில் என்ன தப்பு?' என்று நேராகக் கேட்டாலும் நல்ல பதில் வரும். தாளை அவரிடமே விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வாங்குங்கள். சிவப்பு ஒட்டிய எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், உங்களுக்குப் பிடித்த நிழல் விழும் இடமாக இருந்தாலும். தன் உருவமே வேண்டாம் என்று ஒருவர் முழு உடல் மீதும் சிவப்பு ஒட்டினால், ஆளில்லாமல் தராசும் தட்டும் மட்டும் வரையுங்கள். தொடரிலேயே அது சிறந்த படமாக அமையக்கூடும். 12 பேரில் வரைகிறவர் யாராவது இருப்பார், அவருக்கு ஒரு போஸ்டரை விட்டுக்கொடுங்கள். ஊதியமும் பெயரும் உங்களுக்குக் கிடைப்பதுபோல அவருக்கும் கிடைக்க வேண்டும்.

அச்சு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ2 என்றால் 420×594 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு இடம் விட்டு 426×600-இல், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தொடங்குங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே வெளிச்ச விகிதம் 4.5:1-க்குக் குறையக்கூடாது, பெரிய தலைப்புக்கு 3:1 போதும். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் தலைப்பு என்றால் எழுத்தின் உயரம் 25 மி.மீ. வைப்பது பலகை எழுதுவோர் கணக்கு. தமிழில் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் மோதாமல் இருக்க வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்காக வையுங்கள். தடித்த எழுத்தில் 'ண', 'ஞ' ஆகியவற்றின் உள்வெளி மை ஊறி அடைபடுகிறதா என்று சிறு எழுத்திலும் சோதியுங்கள். பின்னணியில் நெருங்கிய வரிக்கோடுகள் வேண்டாம். இரண்டு மீட்டரில் பார்க்கும் போஸ்டரில் ஒரு கோடும் ஒரு இடைவெளியும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் அளவில் வந்தால் கண்ணைக் கூசும், சிலருக்குத் தலைவலியே வரும். இந்த இளையோரும் அந்தச் சுவரைக் கடந்துதான் போகப்போகிறார்கள். பளபளப்புத் தாளுக்குப் பதில் மேட் தாள். அசையும் படமாகவும் போடுவதென்றால் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது. ஆட்டிச நிலையாளர்களிடையே வலிப்பு மற்றவர்களைவிட அதிகம்.

10 வாரத்தில் 12 படம் என்பது இறுக்கம்தான். ஆளுக்கு மூன்று சந்திப்பு, ஒவ்வொன்றும் அரை மணி என்றாலே 18 மணி நேரம், வராத நாள்களைச் சேர்க்காமல். மையத்திடம் பேசி எட்டாகக் குறைக்கப் பாருங்கள். முதல் மூன்று வாரம் சந்திப்புகள், அடுத்த இரண்டு சிறு வரைவுகள், ஆறாவது வாரம் ஸ்டிக்கர் சுற்று, ஏழும் எட்டும் வண்ணம், ஒன்பதில் இரண்டாவது சுற்று, பத்தில் அச்சு மாதிரி. எல்லோரையும் ஒன்றாகத் தொடங்காமல், ஒருவருடைய படத்தை மட்டும் முதல் இரண்டு வாரத்துக்குள் பென்சில் வரைவு வரை கொண்டுபோய்ப் பாருங்கள். அட்டைகளில் என்ன குறைகிறது என்பது அப்போது தெரியும். அச்சு மாதிரி வந்ததும் திரையில் காட்டாமல், காகிதத்திலேயே முழு அளவில் அவர்கள் முன் விரியுங்கள். கையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒரு தாள் எடுத்துப்போக மறக்காதீர்கள்.